காத தூரத்துக் காவல்

ஆஸ்பத்திரியில் மற்ற வார்டுகளுக்கும், ஐ.சி.யூ. என்று வழங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், வீட்டு மனிதர்களைப் பொறுத்தவரையில், ஒரு கதவுதான். மற்ற வார்டுகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காரலாம், கஞ்சி புகட்டலாம், ஏதேனும் சந்தேகம் தோன்றினால் ஓடிப்போய் நர்ஸை அழைத்து வரலாம். ஐ.சி.யூ.வில் இவற்றில் எதற்கும் இடமில்லை. கதவுக்கு வெளியே பெஞ்சியில் காத்திருக்க வேண்டியதுதான். மாலையில் ஐந்து நிமிஷம் உள்ளே விடுகிறார்கள். நோயாளியின் தலைமாட்டில் ஒரு திரை. அதில் பச்சையும் மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் பொருள் நமக்கு விளங்குவதில்லை. வீட்டுப் பெரியவர்கள் சிலர் அந்தக் கோடுகளையே கைகூப்பித் தொழுதுவிட்டுத் திரும்புவதும் உண்டு.

அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? பகலில் இதற்கு விடை சுலபம். பெரிய டாக்டர் வருகிறார், சிறிய டாக்டர்கள் பின்தொடர்கிறார்கள், நர்ஸுகள் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு? சிறிய ஊர்களில் அந்த வேளையில் தீவிர சிகிச்சையில் தேர்ச்சி பெற்ற டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் விழித்திருப்பது அபூர்வம். இந்தக் குறையை நிவர்த்தி செய்யவென்றே ஒரு புதிய ஏற்பாடு தோன்றியிருக்கிறது. கட்டிலருகே ஓடும் அந்தக் கோடுகள் அப்படியே நூறு மைல், ஐந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் மற்றோர் அறையின் திரையிலும் ஓடுகின்றன. அங்கே ஒரு டாக்டர் அமர்ந்து, தாம் ஒருநாளும் தொட்டுப் பார்த்திராத நோயாளிகளைக் கண்காணிக்கிறார். இதனால் உயிர்கள் பிழைக்கின்றனவா, அல்லது இதுவும் ஒரு விலையுயர்ந்த வேடிக்கைதானா என்பது நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறிந்திருக்க வேண்டிய விஷயம்.

முதலில், தீவிர சிகிச்சை என்பது எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். பின்னால் சொல்லப் போவதன் சூட்சுமம் அந்தக் கதையிலேயே அடங்கியிருக்கிறது.

1952-ம் வருஷம் டென்மார்க்கின் தலைநகரமாகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. சுவாசத் தசைகள் செயலற்றுப் போனவர்களை ப்ளெக்டாம் ஆஸ்பத்திரியில் கொண்டு வந்து சேர்த்தார்கள். அவ்விதம் முதலில் வந்த 31 பேரில் 27 பேர் மூன்று தினங்களுக்குள் மாண்டு போயினர். அப்போது பியர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து நிபுணர் ஒரு யோசனை கூறினார். தொண்டையில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தி, ஒரு ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கிப் பிராணவாயுவைச் செலுத்தலாம் என்றார். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அம்முறையில் பிழைத்தாள். ஆனால், இத்தனை பேருக்கும் பையை அமுக்க ஆள் வேண்டுமே! அதற்கேற்ற யந்திரங்கள் அந்த நகரில் போதிய அளவு இல்லை. வைத்தியக் கல்லூரி மாணவர்கள் முன்வந்தார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும், மாதக் கணக்கில் கட்டிலருகே அமர்ந்து பையை அமுக்கினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கு மேல் குறைந்தது. மறு வருஷம், 1953 டிசம்பரில், இப்சன் அதே நகரத்தில் வேறோர் ஆஸ்பத்திரியில், அபாய நிலையில் உள்ளவர்களை ஒரே இடத்தில் வைத்து இடைவிடாமல் கவனிக்கும் பிரிவு ஒன்றை நிறுவினார். உலகின் முதல் ஐ.சி.யூ. அதுவே என்பர்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பிரிவுக்கு மூலதனம் யந்திரமல்ல என்பது. இடைவிடாமல் பார்க்கும் கண்ணும், உடனே செயல்படும் கையுமே மூலதனம். கண்ணையும் கையையும் ஒரே ஆளிடம் வைத்திருந்தது கோபன்ஹேகன். இன்றைய விஞ்ஞானம் அவ்விரண்டையும் பிரித்து, கண்ணை மட்டும் காத தூரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது.

கண்ணைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் முயற்சி ஐ.சி.யூ.வைவிடப் பழமையானது. வில்லெம் ஐந்தோவென் என்ற பெயர் டாக்டர்களுக்கு நன்கு தெரியும். இன்று எல்லா ஊர்களிலும் எடுக்கப்படும் இ.ஸி.ஜி.க்கு வழி வகுத்தவர் அவர். 1860-ல், அக்காலத்தில் டச்சுக்காரரின் ஆதிக்கத்திலிருந்த ஜாவாவில், ஸெமாராங் நகரில் பிறந்தவர். ஹாலந்தில் லெய்டன் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தார். இருதயத்தில் எழும் நுண்ணிய மின்சாரத்தை அளப்பதற்கு அவர் அமைத்த கருவி நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ளது. அதை நகர்த்த முடியாது. நோயாளிகளோ சுமார் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்களையும் நகர்த்த முடியாது. ஐந்தோவென் இரண்டையும் நகர்த்தவில்லை. 1905-ல் இரண்டு இடங்களுக்கும் நடுவே டெலிபோன் கம்பி மூலமாக இருதயத்தின் துடிப்பை வரவழைத்து, தம் ஆராய்ச்சிச் சாலையில் கோடாகப் பதிவு செய்தார். மறு வருஷம் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு வானவெளி யுகம் வந்தது. 1957 நவம்பரில் ருஷ்யர்கள் அனுப்பிய லைகா என்னும் நாயின் நாடித் துடிப்பும் சுவாசமும் ரேடியோ வழியாகப் பூமிக்கு வந்தன. பாவம், அந்த நாய் திரும்பவில்லை. 1961 ஏப்ரலில் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தபோது அவருடைய நாடியையும் கீழேயிருந்தே எண்ணினார்கள். ஆகாயத்தில் பறப்பவரின் நாடி கிடைக்கும்போது, பக்கத்து ஜில்லாவில் படுத்திருப்பவரின் நாடி கிடைப்பதற்கு என்ன தடை? விஞ்ஞானத் தடை ஒன்றும் இல்லை. பார்த்துப் புரிந்துகொண்டு உத்தரவு கொடுக்கக்கூடிய டாக்டர்கள் போதாமையே தடை.

அமெரிக்காவில் இந்தப் பற்றாக்குறை வெகு காலமாக உண்டு. கிளீவ்லாந்து நகரில் ஒரு சர்வகலாசாலை டாக்டர்கள் டெலிவிஷன் மூலம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ. நோயாளிகளைப் பார்த்து ஆலோசனை சொன்ன பரிசோதனையின் விவரம் 1977-லேயே வெளியாயிற்று. ஆயினும் அன்றைய சாதனங்கள் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. இருபது வருஷங்களுக்குப் பிறகு, பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த டாக்டர்கள் ப்ரையன் ரோஸன்ஃபெல்டும் மைக்கேல் ப்ரெஸ்லோவும் இதை மறுபடி கையிலெடுத்தனர். பத்துப் படுக்கைகள் கொண்ட ஓர் ஐ.சி.யூ.வை, பதினாறு வாரம், தீவிர சிகிச்சை டாக்டர்கள் தங்கள் வீடுகளிலிருந்தபடியே இருபத்துநாலு மணி நேரமும் கவனித்தார்கள். 2000-ல் வெளியான முடிவுகள், இறப்பு விகிதம் பெருமளவு குறைந்ததாகக் காட்டின. அதே வருஷம் வர்ஜீனியா மாகாணத்தில் நார்ஃபோக் நகரத்து ஸென்டாரா ஆஸ்பத்திரிக் குழு இதை நிரந்தர ஏற்பாடாகவே தொடங்கிற்று. டாக்டர்கள் இருவரும் நிறுவியிருந்த கம்பெனியை 2008-ல் பிலிப்ஸ் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொண்டது. நல்ல யோசனை எதுவும் நீண்ட காலம் யோசனையாகவே இருப்பதில்லை, சீக்கிரமே சரக்காகிவிடுகிறது.

காவல் அறை எப்படியிருக்கும் என்று அறிய வாசகர்களுக்கு ஆவல் இருக்கும். பார்வைக்கு அது ஆஸ்பத்திரி போலவே இராது. ரயில்வே கண்ட்ரோல் ஆபீஸைப் போலிருக்கும். மருந்து வாசனை கிடையாது. ஒவ்வொரு மேஜையிலும் ஐந்தாறு திரைகள். ஒன்றில் இருதயக் கோடுகள், ஒன்றில் ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஒன்றில் எக்ஸ்ரே, ஒன்றில் நோயாளியின் நேர்முகத் தோற்றம். ஒரு டாக்டரும் சில நர்ஸுகளுமாகச் சேர்ந்து நூறு படுக்கைகளுக்கு மேலும் கவனிப்பதுண்டு. கட்டிலுக்கு எதிரே சுவரில் பொருத்திய காமிரா, நோயாளியின் கண்மணி சுருங்குகிறதா என்று பார்க்கும் அளவுக்குக் கிட்டத்தில் காட்டவல்லது. பல ஆஸ்பத்திரிகளில், காமிரா சாதாரண வேளையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். டாக்டர் பார்க்க விரும்பினால் ஒரு மணி ஒலித்த பிறகே நோயாளியின் பக்கம் திரும்பும். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவது போன்ற மரியாதை இது. நம் வீட்டுப் பெண்கள் நோயாளியாகப் படுத்திருக்கும் இடத்தில் இந்த மரியாதையை நாம் கட்டாயம் எதிர்பார்க்கலாம்.

கம்ப்யூட்டரும் சும்மா இருப்பதில்லை. நாடி சிறிது ஏறி, ரத்த அழுத்தம் சிறிது இறங்கி, சுவாசம் சிறிது வேகமாவது, தனித் தனியே பார்த்தால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். மூன்றும் சேர்ந்து ஒரே திசையில் இரண்டு மணி நேரமாகப் போய்க்கொண்டிருந்தால் அபாயம். களைத்துப்போன மனிதக் கண் தவறவிடக்கூடிய இந்தச் சாய்வைக் கம்ப்யூட்டர் எடுத்துக் காட்டுகிறது.

இதைவிட முக்கியமான நன்மை ஒன்றிருக்கிறது. அது யந்திர சம்பந்தமானதல்ல. இரவு மூன்று மணிக்கு நோயாளியின் நிலை கொஞ்சம் சரியில்லை என்று நர்ஸுக்குத் தோன்றுகிறது. பெரிய டாக்டரை எழுப்பலாமா, வேண்டாமா? எழுப்பி, அது ஒன்றுமில்லாமல் போனால் திட்டு விழும். விடியட்டும் என்று தள்ளிப் போடுகிறாள். அந்தத் தயக்கத்தில் போகும் உயிர்கள் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. காவல் அறை டாக்டரோ, விழித்திருப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர். அவரை அழைக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கட்டிலருகே ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் தோன்றுகிறார். அவரும் மனிதர்தானே, அவருக்கும் தூக்கம் வருமே என்று கேட்கலாம். இதற்கு அட்லாண்டாவிலுள்ள எமரி சர்வகலாசாலை ஒரு சாதுரியமான வழி கண்டது. 2016-லிருந்து தன் டாக்டர்களையும் நர்ஸுகளையும் ஆஸ்திரேலியாவுக்கு, முதலில் ஸிட்னிக்கும் பிறகு பெர்த்துக்கும், அனுப்பி அங்கே உட்கார வைத்தது. அட்லாண்டாவில் நள்ளிரவு என்றால் பெர்த்தில் நண்பகல். பட்டப்பகலில், நன்றாகத் தூங்கி எழுந்து காப்பி சாப்பிட்டவர்கள், பூமியின் மறுபுறத்தில் இருளில் படுத்திருக்கும் நோயாளிகளைக் காத்தனர்!

இவ்வளவும் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. பலன் என்ன? இந்த இடத்தில்தான் விளம்பரங்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குகளைப் பார்க்க வேண்டும். கணக்குகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

2009-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஐந்து ஆஸ்பத்திரிகளிலுள்ள ஆறு ஐ.சி.யூ.க்களில் தூரக் காவலுக்கு முன்னும் பின்னும் நேர்ந்த இறப்புகளை அதில் ஒப்பிட்டிருந்தார்கள். காவலினால் மொத்தத்தில் இறப்பு குறைந்தது என்று துணிந்து சொல்ல முடியவில்லை. 2011-ல் அதே பத்திரிகையில், மஸாசூஸெட்ஸ் மாகாணத்தில் வூஸ்டர் நகரத்துச் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி வந்தது. ஏழு ஐ.சி.யூ.க்கள், 6,290 நோயாளிகள். முன்பு நூற்றுக்கு 13.6 ஆக இருந்த இறப்பு 11.8 ஆகக் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் காலமும் சராசரி 13.3 நாளிலிருந்து 9.8 நாளாகச் சுருங்கியிருந்தது. ஒரே வித யந்திரம். ஒரே வித அறை. ஓரிடத்தில் பலன் இல்லை. மற்றோரிடத்தில் கண்கூடான பலன். இது எதனால்?

முதல் ஆராய்ச்சியின் உட்புறத்தில் இதற்கு விடை ஒளிந்திருக்கிறது. அங்கே, மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளின் விஷயத்தில், அவர்களுடைய சொந்த டாக்டர்கள், "உயிருக்கு ஆபத்து வந்தாலொழிய நீங்கள் தலையிட வேண்டாம்" என்று காவல் அறைக்கு வரம்பு கட்டியிருந்தார்கள். பார்க்கலாம், பேசக்கூடாது. வூஸ்டரிலோ, காவல் அறையில் இருந்தவர்கள் வேலையின் நடுவே கலந்து நின்றார்கள். நோயாளிக்குச் செய்ய வேண்டிய நித்தியக் காரியங்கள், அதாவது ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பது, சுவாசக் குழாயால் நுரையீரலில் சீழ் பிடிக்காமல் காப்பது முதலியன, தவறாமல் நடக்கின்றனவா என்று பார்த்து, தவறினால் திருத்தினார்கள். அபாய அறிவிப்பு ஒலித்தால் விரைந்து பதில் கொடுத்தார்கள். அதிகாரமில்லாத காவற்காரனுக்குச் சம்பளம் கொடுப்பதில் லாபமில்லை என்பது கிராமத்தில் தோப்புக் குத்தகை எடுப்பவனுக்குக்கூடத் தெரியும்.

2024-ல் பிரேஸில் தேசத்திலிருந்து ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. 30 ஐ.சி.யூ.க்கள், 17,024 நோயாளிகள். இது முன்னையவற்றைப் போல் முன்பின் ஒப்பீடு அல்ல; எந்த ஐ.சி.யூ.வுக்கு உதவி, எதற்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல் முடிவு செய்து நடத்திய கண்டிப்பான சோதனை. ஸாவோ பாவ்லோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நிபுணர்கள் தினந்தோறும் வீடியோ மூலம் தூரத்து ஐ.சி.யூ.க்களின் நோயாளிகளைப் பற்றி அங்குள்ளவர்களோடு கலந்து பேசினர். நோயாளிகள் ஐ.சி.யூ.வில் தங்கிய காலம் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. இதில் இரவு முழுதும் கண்காணிக்கும் ஏற்பாடு இல்லை, பகல் ஆலோசனை மாத்திரமே என்பதை நினைவில் வைக்க வேண்டும். எனினும், நல்ல ஆலோசனையைக் கேட்ட பிறகு அதை நிறைவேற்றக் கட்டிலருகே போதிய கைகள் வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. ஏழை ஆஸ்பத்திரிக்குக் காமிரா வாங்கிக் கொடுத்தவுடன் அது பணக்கார ஆஸ்பத்திரி ஆகிவிடாது.

யந்திரங்களின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதற்குறை, அவை ஓயாமல் கூவுவது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் ஸான் பிரான்ஸிஸ்கோ ஆஸ்பத்திரியில் ஐந்து ஐ.சி.யூ.க்களின் அறிவிப்புகளை 31 நாட்கள் எண்ணிப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 25 லட்சத்துக்கு மேல்! காதில் விழும்படி ஒலித்தவை மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் 187. வகுத்துப் பாருங்கள்: எட்டு நிமிஷம் போவதற்குள் ஒன்று. இருதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டதென்று ஒலித்தவற்றில் 12,671-ஐ எடுத்து நிபுணர்கள் பரிசோதித்ததில், நூற்றுக்கு 88.8 பொய். ஓயாமல் கூச்சலிடும் வகுப்பில் ஒரு பையன் நிஜமாகவே அடிபட்டு அலறினால் உபாத்தியாயருக்குக் கேட்காது. நர்ஸின் நிலையும் அதுதான். தூரத்துக் காவல் அறையில் இந்தப் பொய் ஒலிகளைச் சலித்து மெய்யானதை மட்டும் அனுப்ப முடிந்தால் அது பெரிய உபகாரம். சலிக்காமல் இரட்டித்து அனுப்பினால் உபத்திரவம்.

இரண்டாவது குறை நம்மைப் போன்ற நிறமுடையவர்களை நேராகத் தொடுவது. விரலில் கவ்வி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டரைக் கொரோனாக் காலத்தில் நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். அதன் அடிப்படைத் தத்துவத்தை 1970-களின் தொடக்கத்தில் கண்டவர் ஜப்பானியராகிய டாகுவோ அயோயாகி. விரலினூடே ஒளியைச் செலுத்தி, ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு அது கணக்கிடுகிறது. தோலின் கருநிறமும் ஒளியை உறிஞ்சுமல்லவா? 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் ரத்தத்தையே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. மெய்யான அளவு 88-க்கும் கீழே அபாயமாக இறங்கியிருந்தது, வெள்ளையரிடம் எடுத்த நூறு அளவுகளில் 3.6, கறுப்பரிடம் எடுத்த நூறு அளவுகளில் 11.7. கட்டிலருகே நிற்பவர் உதடு நீலம் பாய்வதையும் மூக்கு விடைப்பதையும் கண்டு சந்தேகிக்கக்கூடும். ஐந்நூறு மைலுக்கு அப்பால் இருப்பவர் எண்ணைத்தான் முதலில் நம்புவார். வெளிநாட்டில், வெளிநாட்டார் மேனியில் பரீட்சித்த கருவிகளை வாங்கும்போது, நம்மவர் மேனியிலும் அவை பரீட்சிக்கப்பட்டனவா என்று நம் சர்க்கார் கேட்பது அவசியம். இது வீண் சுதேசி ரோஷம் அல்ல, உயிர் விஷயம்.

நம் தேசத்தில் என்ன நடந்திருக்கிறது? 2000-ம் வருஷத்திலேயே ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவின் அரகொண்டா கிராமத்து ஆஸ்பத்திரியைச் சென்னை அப்போலோவோடு இணைத்து, தூர வைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள். கொரோனா வந்த 2020-ல், ஜூலை மாதம், தில்லி எய்ம்ஸ் 'இ-ஐ.சி.யூ.' என்ற பெயரில் நாட்டின் பல பாகத்து ஐ.சி.யூ. டாக்டர்களோடு வீடியோவில் கலந்து பேசத் தொடங்கிற்று. இது கண்காணிப்பு அல்ல, ஆலோசனை. ஆனாலும் அந்த நெருக்கடியில் பலருக்குத் தைரியம் தந்தது. பெங்களூர் போன்ற நகரங்களில் சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளை இரவு பகலாகக் கண்காணிக்கும் தனியார் கம்பெனிகள் தோன்றியிருக்கின்றன.

எனக்கு மிகவும் திருப்தி அளிப்பது தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு காரியம். மாரடைப்பு கண்டவரின் இ.ஸி.ஜி.யைச் சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து கம்பியில்லா முறையில் பெரிய ஆஸ்பத்திரியின் இருதய நிபுணருக்கு அனுப்பி, அவர் சொற்படி அங்கேயே ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்து, பிறகு 108 ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஏற்பாடு. 2,420 நோயாளிகளைக் கொண்டு நடத்திய இந்த ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது 14.2 ஆகக் குறைந்தது. ஐந்தோவென் கம்பியில் அனுப்பிய அதே கோடுதான் இதிலும் சென்றது. ஆனால் கோடு போய்ச் சேர்ந்தவுடன் மருந்து தயார், ஆம்புலன்ஸ் தயார், மறுமுனையில் கதவு திறந்தபடி தயார்.

பெரும்பாலான ஜில்லாக்களில் இன்று சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதில் இரவு முறை வைத்து ஒரு காவல் அறை நடத்தினால், அந்த ஜில்லாவின் தாலுக்கா ஆஸ்பத்திரிகளுக்கு மாதச் சந்தா கட்டிக் கம்பெனியை நாட வேண்டிய அவசியமே எழாது. ஆனால் அதற்கு முன்பு தாலுக்கா ஆஸ்பத்திரியில் மின்சாரம் தடையின்றி இருக்க வேண்டும். பிராணவாயு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நர்ஸுகள் இருக்க வேண்டும். செயற்கைச் சுவாசத்தில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நிபுணர்கள் வகுத்த அளவு. ஒரு நர்ஸ் ஐந்து பேரைக் கவனிக்கும் இடத்தில், திரையிலிருந்து வரும் உத்தரவை எந்தக் கை நிறைவேற்றும்?

தனியார் ஆஸ்பத்திரியில், "உங்கள் தகப்பனாரைச் சென்னையிலிருந்து பெரிய டாக்டர்கள் இரவு முழுவதும் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று சொன்னால், சந்தோஷப்படுவதோடு நில்லாமல் சில கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. அவர்கள் பார்ப்பதோடு சரியா, மருந்தை மாற்றவும் உத்தரவிடவும் அதிகாரம் உண்டா? இரவில் சுவாசக் குழாய் நழுவினால், அதை மீண்டும் பொருத்தத் தெரிந்த டாக்டர் இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறாரா? அவர் வந்து சேர எத்தனை நிமிஷம் ஆகும்? காமிராவின் மறுபக்கத்தில் இருப்பவர் பெயர் என்ன? இவற்றுக்குக் கோபமில்லாமல் பதில் சொல்லும் ஆஸ்பத்திரியை நம்பலாம். பில்லில் இதற்கென்று தனித் தொகை போட்டிருந்தால், தூரத்து டாக்டர் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பது கேஸ் ஷீட்டில் பதிவாகியிருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்ஸில் விதி சொல்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.